அம்மா காதால் பார்த்த மைதானம்

தென்காசி வீட்டுப் பால் கணக்கு நோட்டு அது. முன்பக்கத்திலிருந்து புரட்டினால் உழக்கும் நாழியுமாகப் பால்காரர் பாக்கி. தலைகீழாகத் திருப்பிப் புரட்டினால் எட்ரிச், நாட், இல்லிங்வொர்த் என்று கிரிக்கெட் ஆட்டக்காரர்கள். 1971 ஆகஸ்ட் பக்கத்தில் 101 என்ற எண்ணைச் சுற்றிப் பென்சிலால் இரண்டு வட்டம். லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்டில் இங்கிலாந்து இரண்டாவது இன்னிங்ஸில் எடுத்த ஓட்டம் அவ்வளவுதான். “வெள்ளக்காரன் நூத்தியொண்ணு மொய் எழுதிட்டுல்லா போயிட்டான்” என்று அம்மா கடைசிவரை அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அம்மாவின் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அவர் வைக்கும் சொதியைப் பற்றிப் பேசினார்கள். மாவடு பற்றிப் பேசினார்கள். சுழற்பந்து வீச்சாளர் சந்திரசேகரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மகளுக்கு அது உறுத்தியது. ஒரு பெண் வாழ்ந்து முடித்தபின் ஊர் நினைவில் வைத்துக்கொள்வது அவர் மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டதைத்தான். தனக்கென்று எதை ரசித்தார் என்று விசாரிக்கிற வழக்கம் நம் வீடுகளில் குறைவு. அந்த நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மகள் லண்டன் கிளம்பினாள். அலுவலக வேலை ஒரு சாக்கு.

நார்தர்ன் லைன் ரயிலில் ஓவல் நிலையத்தில் இறங்கினால், சுவரிலேயே கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் உருவங்கள். நுழைவாயிலில் இருக்கும் வெள்ளைப் பலகையில் தினமும் ஒரு வாசகத்தை யாராவது கையால் எழுதி வைக்கிறார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜாக் ஹாப்ஸ் பெயரிலுள்ள மைதான வாயில். இங்கிலாந்து மண்ணில் முதல் டெஸ்ட் பந்தயம் 1880ல் நடந்தது இங்கேதான். பிராட்மன் தன் கடைசி இன்னிங்ஸில் ஓட்டமெடுக்காமல் திரும்பிப் போனதும் இங்கேதான். மைதானத்தைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் பிராட்மனைப் பற்றி நிறையச் சொல்வார்கள். மகளுக்கு வேண்டியது வேறு.

அவள் தேடியது கேஸ் டேங்க். பி.பி.சி. வர்ணனையாளர்கள் ஓவலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எரிவாயுக் கிடங்கைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அம்மா அதை ஊர் ஓரத்துத் தண்ணீர்த் தொட்டி மாதிரி மனதில் கட்டி வைத்திருந்தார். நேரில் பார்த்தால் அது வட்டமாக நிற்கும் இரும்புச் சட்டம். இப்போது அந்தப் பக்கமெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பிவிட்டன. கேஸ் டேங்க் ஒன்றைத் தவிர அம்மா சொன்ன ஓவலில் பிழையே இல்லை. பெவிலியன் ஒரு முனை, வாக்ஸால் எதிர்முனை, நடுவில் பச்சை. எல்லைக் கயிற்றோரம் நின்றுகொண்டு ஷார்ட் லெக் எங்கே இருக்கும் என்று மகள் கண்ணால் அளந்தாள். ஆலன் நாட் தட்டிய பந்தை ஏக்நாத் சோல்கர் தரையோடு தரையாகப் பாய்ந்து பிடித்த இடம். பந்து போட்டவர் நம் சென்னை வெங்கட்ராகவன்; அந்தப் பயணத்தின் துணைக் கேப்டன்.

அம்மா படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரை. அவரது ஆங்கிலத்தில் பாதி சிற்றலை வானொலியில் வந்தது. டிரான்சிஸ்டர் அடுக்களை ஜன்னலில் இருக்கும், ஏரியலில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி முருங்கை மரத்துக்கு இழுத்துவிட்டிருப்பார். குரல் அலையலையாக வந்து போகும். விக்கெட் விழும் நேரம் பார்த்துத்தான் கரகரப்பு கூடும் என்பது அவரது நிரந்தரப் புகார்.

1971 ஆகஸ்ட் 24 விநாயகர் சதுர்த்தி. இந்தியா ஜெயிக்க 173 வேண்டும். முந்தைய நாள் ஆட்டம் முடிந்தபோது 76 எடுத்து இரண்டு விக்கெட் போயிருந்தது. லண்டனில் காலை ஆட்டம் தொடங்கும்போது தென்காசியில் மாலை நான்கு மணி. பூரணம் உருட்டி வைத்துவிட்டு அம்மா உட்கார்ந்தார். எடுத்த எடுப்பில் கேப்டன் வடேகர் ரன் அவுட். (அந்த மனிதர் உடை மாற்றும் அறைக்குப் போய்த் தூங்கியே விட்டார் என்பார்கள். அம்மாவுக்கு அதில் கடும் கோபம்.) சர்தேசாயும் விஸ்வநாத்தும் எறும்பு ஊர்வதுபோல ஓட்டம் சேர்த்தார்கள். சாயங்காலம் ஏழு மணி சுமாருக்கு அபித் அலி ஒரு பவுண்டரி அடிக்க, முப்பத்தொன்பது வருஷக் காத்திருப்புக்குப் பிறகு இங்கிலாந்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. இட்லிக் கொப்பரையில் வெந்துகொண்டிருந்த கொழுக்கட்டைகள் வெடித்துப் பூரணம் வெளியே வந்துவிட்டதாம். வெளியே வந்தாலும் வெல்லம் வெல்லம்தானே என்று அப்பா சாப்பிட்டுவிட்டார்.

அன்று செஸ்ஸிங்டன் மிருகக்காட்சிசாலையிலிருந்து பெல்லா என்ற யானையை ரசிகர்கள் ஓவலுக்குள் அழைத்து வந்திருந்தார்கள். சதுர்த்தியன்று யானை. பிறகு என்ன, இங்கிலாந்தை 101ல் சுருட்டிய சந்திராவின், அதாவது சந்திரசேகரின், ஆறு விக்கெட்டில் பிள்ளையாருக்கும் பங்கு உண்டு என்று அம்மா தீர்ப்பு எழுதிவிட்டார். ஆறு விக்கெட் விழுந்தது முந்தைய நாள்தானே என்று கேட்டால் பதில் வராது.

சந்திராவின் வலது கை சிறுவயதில் போலியோ தாக்கி மெலிந்தது. பந்தை எறிவது இடது கையால். வீசுவது அந்த மெலிந்த கையால். எந்தப் பந்து எப்படித் திரும்பும் என்று அவருக்கே தெரியாது என்பார்கள். ஒழுங்காக ஆடி நூறு அடிக்கிறவர்களை அம்மா மதித்தார், சந்திராவைக் கொண்டாடினார்.

மகளுக்குச் சொந்த நினைவாக இருப்பது 1979. அதே ஓவல், ஜெயிக்க 438. கவாஸ்கர் 221. இரவு வெகுநேரம், ரசம் சாதம் தட்டிலேயே ஆறிக் கிடந்தது. பசிக்கிறது என்று சிணுங்கியவளிடம், “ஏட்டி, செத்த பேசாம இரி, ஒம்பது ஓவருதான் இருக்கு” என்றார் அம்மா. கடைசியில் 429க்கு எட்டு விக்கெட். ஒன்பது ஓட்டம் குறைவு. மறுநாள் பால்காரரிடம்கூட அவர் சரியாகப் பேசவில்லை.

மைதானத்துக்கு அவர் போனது ஒரே ஒரு தடவை. 1975 பொங்கல் டெஸ்ட், திருவல்லிக்கேணியில் இருந்த அண்ணன் சேப்பாக்கத்துக்கு அழைத்துப் போனார். மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட்டைச் சாய்த்த அந்த இன்னிங்ஸில் இந்தியா 190. அதில் விஸ்வநாத் மட்டும் ஆட்டமிழக்காமல் 97. காணக் கிடைக்காத ஆட்டம். அம்மாவோ, யாரும் எதுவும் சொல்லாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது சப்பென்று இருந்ததாகச் சொன்னார். பின்னாளில் டி.வி. வந்தபோதும் அதன் சத்தத்தை அடைத்துவிட்டு, சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையை வானொலியில் வைத்துக்கொள்வார். ஜில்லாக்காரர் என்ற பெருமை வேறு.

மகள் ஓவலுக்குப் போன நாளும் சதுர்த்தி; பார்த்து வைத்த நாள்தான். அதே ரயிலில் தெற்கே சவுத் விம்பிள்டன் போய் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் கணபதி கோயில், 1981ல் ஈழத் தமிழர்கள் தொடங்கியது. மோதகம் கொடுத்துக்கொண்டிருந்த ஐயா, கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

“பிள்ளை, அது என்ன கொப்பி?”

சொன்னாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் புரட்டினார். “எங்கட சதாசிவத்தின்ர பேர் இல்லையே. சேப்பாக்கத்தில 215 அடிச்ச மனுசன் எல்லோ!”

“அது 1947 ஐயா. அம்மா அப்போ கைக்குழந்தை.”

பேச்சு முரளிதரனுக்குத் தாவியது. எண்ணூறு விக்கெட்டுக்கு முன்னால் வேறு யாரைச் சொல்வது என்று ஐயா மடக்கினார். மகள் விடவில்லை. சந்திரா டெஸ்டில் எடுத்தது 242 விக்கெட், மட்டையால் அடித்த மொத்த ஓட்டம் 167. ஓட்டத்தைவிட விக்கெட் அதிகம். அம்மாவுக்கு உலகத்திலேயே பிடித்த கணக்கு அது.

“மெய்யாவோ?” என்று ஐயா உரக்கச் சிரித்தார். வரிசையில் பின்னால் நின்ற அம்மாள் ஒருவர், “கதைச்சது காணும், மோதகத்தைத் தாங்கோ” என்று அதட்டினார்.