பின்னால் வருபவர் கண்ணுக்கு ஒரு சிவப்புப் பொட்டு: காரியாபட்டி சாலையில் சைக்கிள் விளக்கின் கதை

விடியற்காலை 5 மணி. காரியாபட்டி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் பாய்லர் சூடாகிவிட்டது. ஊருக்குள் தெருவிளக்கு எரிகிறது. ஊர் எல்லையைத் தாண்டினால், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் கறுப்பாக நீளும் தார்ச்சாலை, அவ்வளவுதான். அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒவ்வொரு சைக்கிளாக வந்து சேர்கிறது. ஒன்றில் பால் கேன், இன்னொன்றில் பூ மூட்டை, அடுத்ததில் தூக்குவாளியோடு வேலைக்குப் போகிறவர்.

டீக்கடை வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் அவர்கள் முகம் தெரிகிறது. அதுவரை? பின்னால் வந்த லாரிக்காரருக்கு அவர்கள் தெரிந்தார்களா?

காரியாபட்டிக்காரர்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. மதுரையிலிருந்து தெற்கே 30 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர் இது. மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் நான்குவழிச் சாலை ஊரை ஒட்டியே போகிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், ஆவியூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளுக்கு வந்துபோகும் டிப்பர்கள், தென்மாவட்டப் பேருந்துகள் என்று இரவும் பகலும் ஓய்வில்லாத சாலை. கள்ளிக்குடி, மல்லாங்கிணர், முடுக்கன்குளம் என்று சுற்றுப்புற ஊர்களுக்குப் பிரியும் சாலைகளோ குறுகலானவை. வேகமான சாலையும் மெதுவான சைக்கிளும் தினமும் சந்தித்துக்கொள்கிற ஊர் என்று காரியாபட்டியைச் சொல்லலாம்.

பட்டாசு மாவட்டத்தில் ஒரு சின்ன வெளிச்சம்

விருதுநகர் மாவட்டம் என்றாலே வெளிச்சம்தான் நினைவுக்கு வரும். சிவகாசியில் செய்யும் மத்தாப்பும் வாணமும் நாடு முழுக்கப் போகின்றன. வாணத்தில் தெரிகிற அந்த ஆழ்ந்த சிவப்பு, ஸ்ட்ரான்சியம் உப்பிலிருந்து வருவது. வானத்தில் சில நொடிகள் நின்று மறைந்துவிடும்.

சைக்கிளுக்குத் தேவையான சிவப்பு அப்படிப்பட்டதல்ல. அது சின்னதாக இருந்தால் போதும். ஆனால் வீட்டு வாசலில் இறங்கும்வரை அணையக் கூடாது.

அது எந்த நேரங்களில் தேவைப்படும்? இரவு 10 மணிக்குச் சைக்கிள் ஓட்டுபவர்கள் குறைவு. காலையும் மாலையும்தான் கவனிக்க வேண்டியவை. தை மாதத்தில் இந்தப் பகுதியில் சூரியன் எழும்போது மணி 6.30-ஐத் தாண்டிவிடும். கார்த்திகையில் மாலை 6 மணிக்கு முன்பே மறைந்துவிடும். பள்ளியில் சிறப்பு வகுப்பு முடிந்து 6.30-க்குக் கிளம்பும் பிளஸ் டூ மாணவிக்கும், விடிவதற்குள் மல்லிகை பறித்துக் கொண்டுவருபவருக்கும் இருட்டு கட்டாயம் உண்டு.

50 மீட்டரா, 200 மீட்டரா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் எதிரே இருப்பதைக் கண்டு, புரிந்து, பிரேக்கில் கால் வைக்கவே 2.5 நொடி ஆகும் என்று இந்தியச் சாலைகளை வடிவமைப்பவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். பிறகு வண்டி நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 120 மீட்டர் தேவை என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்கு. வேகம் 100 என்றால் 180 மீட்டர்.

டிம் போட்டு வரும் வண்டியின் வெளிச்சம், மங்கிய உடை உடுத்திய சைக்கிள்காரரைச் சுமார் 50 மீட்டரில்தான் காட்டும். சைக்கிளும் முன்னோக்கித்தான் போகிறது என்று கழித்துக்கொண்டாலும், லாரிக்கும் அவருக்கும் நடுவே மிச்சமிருப்பது 3 நொடிகூட இல்லை. பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து, அது 200 மீட்டரிலேயே தெரிந்தால் 11 நொடி கிடைக்கிறது. அதற்குள் வேகத்தைக் குறைக்கலாம், விலகலாம், ஹாரன் அடிக்கலாம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மோதல் வகைகளில் முதலிடம், பின்னாலிருந்து மோதுவதற்குத்தான்.

டைனமோ காலமும் காற்றுப் பிடுங்கிய காலமும்

இன்று 60 வயதைத் தாண்டியவர்களிடம் சைக்கிள் விளக்கு பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள். விளக்கில்லாமல் வந்தால் போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்ற பயம் இருந்த காலம் அது. மண்ணெண்ணெய் விளக்கைத் தொங்கவிட்டு ஓட்டியவர்களும் உண்டு.

அப்புறம் டைனமோ வந்தது. டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் சின்னக் குப்பி, 6 வோல்ட், 3 வாட். அதில் 2.4 வாட் முன்விளக்குக்கு, மிச்சம் 0.6 வாட் பின்விளக்குக்கு. போர்க்காலத்தில் மின்சாரமும் பேட்டரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு மிதியைக் கையால் சுற்றி, அந்த டைனமோவில் வானொலி கேட்டிருக்கிறார்கள் தமிழர்கள். அவ்வளவு உழைத்த கருவி. ஆனால் ஒரு குறை, சக்கரம் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். சாலையைக் கடக்க ஓரமாக நிற்கும்போது, மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் வெளிச்சம் இருக்காது.

மோட்டார் பைக் பெருகியதும் டைனமோ மறைந்தது. ஆனால் சைக்கிள் மறையவில்லை. தமிழக அரசு 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய மிதிவண்டித் திட்டம், பிறகு அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. காரியாபட்டி சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் இன்று நிற்பது அந்தச் சைக்கிள்தான். அதில் பின்பக்கம் ரிஃப்ளெக்டர் இருக்கும். விளக்கை நாம்தான் வாங்க வேண்டும்.

ரேடியம் ஸ்டிக்கர் போதாதா?

“ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டினா போதாதாண்ணே?” சைக்கிள் கடையில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஊர்வழக்கில் பெயர் ரேடியம் என்றாலும் அதற்குள் ரேடியம் எதுவும் இல்லை. மேலே விழுகிற வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிற தாள் அது. இருக்கன்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடந்துபோகிறவர்களின் பைகளில் போலீசார் ஒட்டிவிடுகிறார்களே, அதுதான். விலை குறைவு, பேட்டரி வேண்டாம், பழுதாகவும் வழியில்லை. மிதிக்கட்டையில் இருக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்டருக்கு இன்னொரு நன்மை உண்டு. அது மேலும் கீழும் அசைவதால், போவது ஓர் ஆள் என்று பின்னால் வருபவருக்குச் சட்டென்று புரிந்துவிடும். சைக்கிள் ரிஃப்ளெக்டர்களின் தரத்துக்கு மத்திய அரசு 2020-இல் தனி ஆணையே பிறப்பித்தது.

ஆனால் ரிஃப்ளெக்டர் தானாக எரியாது. பின்னால் வரும் வண்டியின் விளக்கு அதன்மேல் விழ வேண்டும். ஒற்றை விளக்கு மங்கலாக எரியும் பழைய பைக், விளக்கே போடாமல் வரும் டிராக்டர், வளைவில் திரும்பும் பேருந்து, இவற்றுக்கு அது தெரியாமல் போகலாம். கல்குவாரித் தூசி படிந்துவிட்டால் அதன் பளபளப்பும் போய்விடும்.

விளக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு. முன்விளக்கு அணைந்தால் ஓட்டுபவருக்கு உடனே தெரியும். பின்விளக்கு பாதி வழியில் அணைந்தால் அவருக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் இரண்டும் வேண்டும். விளக்கு அணைந்தால் ரிஃப்ளெக்டர் காப்பாற்றும். ரிஃப்ளெக்டரில் வெளிச்சம் விழாத இடத்தில் விளக்கு காப்பாற்றும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

இன்று கிடைக்கும் பின்விளக்குகள் எல்.இ.டி. வகையைச் சேர்ந்தவை. சில நூறு ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். விலையைவிட வேறு சில விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, பொருத்தும் இடம். பெட்டியில் வருகிற ரப்பர் பட்டை சீட்டுக்கு அடியில் உள்ள கம்பியில் மாட்டுவதற்காகச் செய்தது. கேரியர் இல்லாத சைக்கிளுக்கு அது சரி. காரியாபட்டியில் ஓடும் சைக்கிளில் கேரியர் உண்டு, கேரியரில் புல்லுக்கட்டோ பூ மூட்டையோ தங்கச்சியோ உண்டு. சீட்டுக்கு அடியில் எவ்வளவு பிரகாசமான விளக்கை மாட்டினாலும் மூட்டைக்குப் பின்னால் அது மறைந்துவிடும். சேலை முந்தானையும் சட்டை வாலும்கூட மறைக்கும். எனவே விளக்கு கேரியரின் கடைசி முனையிலோ பின் மட்கார்டின் மேலோ இருக்க வேண்டும். ரிஃப்ளெக்டர் பொருத்தும் துளையிலேயே மாட்டும்படி போல்ட் உள்ள விளக்கு கிடைத்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் சைக்கிள் கடைக்காரர் ஒரு சின்னத் தகடு வைத்து முடுக்கிக் கொடுத்துவிடுவார். வெளிச்சம் தரையையோ வானத்தையோ பார்க்காமல் நேராகப் பின்னால் பார்க்கட்டும்.

இரண்டாவது, பேட்டரி. தினமும் செல்போனுக்குச் சார்ஜ் போடும் வீட்டில் யூ.எஸ்.பி. சார்ஜ் விளக்கு வசதி. சார்ஜ் போட மறந்துவிடுபவர்களுக்கு, ரிமோட்டில் போடும் பென்சில் பேட்டரி விளக்கு நல்லது. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். காசு வடிவப் பட்டன் பேட்டரியில் ஓடும் சின்ன விளக்குகள் மங்கும்போது மெல்ல மெல்ல மங்கும், கவனத்துக்கு வராது. அந்த வகைப் பேட்டரியைக் குழந்தைகள் விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம் தேவை.

மூன்றாவது, தண்ணீர். ஐப்பசி மழையில் மேலிருந்து விழுவதைவிடச் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர்தான் பின்விளக்கைக் கெடுக்கும். பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 4 என்றிருந்தால் தெறிக்கும் நீரைத் தாங்கும். அந்த எண் கூடக் கூட நல்லது.

நான்காவது, மின்னுவதா, நின்று எரிவதா? மின்னும் விளக்கு சட்டென்று கண்ணை இழுக்கும். ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது கஷ்டம். நின்று எரியும் விளக்கில் தூரம் நன்றாகத் தெரியும். இதில் நாடுகளே ஒத்துப்போகவில்லை. ஜெர்மனியில் சைக்கிளில் மின்னும் பின்விளக்குக்குத் தடை, பிரிட்டனிலோ 2005 முதல் அனுமதி. தெருவிளக்கு இல்லாத கிராமத்துச் சாலைக்கு நின்று எரிவதே பொருத்தம். கடைத்தெரு வெளிச்சத்திலும் மழைமூட்டத்திலும் மின்ன விடலாம்.

பகலில் விளக்கு எரிந்தாலும் வீணில்லை. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் 2004-05-இல், எப்போதும் எரியும் விளக்கைப் பொருத்தியவர்களையும் பொருத்தாதவர்களையும் ஓர் ஆண்டு கவனித்து ஆய்வு செய்தார்கள். மொத்தம் 3,845 பேர். விளக்குப் பொருத்தியவர்களுக்குக் காயம் ஏற்படுத்திய விபத்துகள் 19 சதவீதம் குறைவு.

யார் பொறுப்பு?

“நான் என் பாட்டுக்கு ஓரமாப் போறேன். பின்னாடி வர்றவன்தான பாத்து வரணும்?” என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். பிரிட்டனில் பின்விளக்கைக் கட்டாயமாக்கப் பேச்சு எழுந்தபோது, அங்கிருந்த சைக்கிள்காரர்களின் சங்கமே இதைச் சொல்லித்தான் எதிர்த்தது. வேகமாக வருபவரின் பொறுப்பைத் தூக்கி மெதுவாகப் போகிறவரின் தலையில் வைக்கிறீர்களே என்றார்கள்.

அந்த நியாயம் இன்றும் அப்படியே இருக்கிறது. டிம் போடுவது, ஊர் வந்தால் வேகத்தைக் குறைப்பது, ஒதுங்கிப் போக இடம் விடுவது எல்லாம் பெரிய வண்டிக்காரரின் கடமை. அணுகுசாலையும் தெருவிளக்கும் சாலையைப் போட்டவர்களின் கடமை. ஆனால் நாளைக் காலை 5 மணிக்கு அந்தச் சாலையில் போகப்போவது சைக்கிள்காரர். நியாயம் கிடைக்கிறவரை, அவர் கையில் இருப்பது இந்தச் சின்ன விளக்குதான்.

நான்குவழிச் சாலையில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. நடுத்தடுப்பின் இடைவெளி தூரமாக இருக்கிறது என்று எதிர்த்திசையில் ஓரமாக மிதித்து வருவது. அப்போது பின்விளக்கு யாருக்கும் பயன்படாது, எதிரே வருபவருக்கு அது தெரியவே தெரியாது. வாங்கிய விளக்கு வேலை செய்ய வேண்டுமென்றால், போகிற திசையும் சரியாக இருக்க வேண்டும்.

200 அடி நடந்து பாருங்கள்

விளக்கை மாட்டியாயிற்று. சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓட்டுபவரால் அதைப் பார்க்க முடியாது, பின்னால் வருபவர்தான் பார்ப்பார். ஆகவே அவர் இடத்தில் போய் நின்று பார்க்க வேண்டும்.

இருட்டியதும், வாகனம் வராத தெருவில் சைக்கிளை நிறுத்துங்கள். தினமும் ஏற்றும் சுமையைக் கேரியரில் ஏற்றுங்கள், பள்ளிப் பையோ பால் கேனோ எதுவானாலும். ஒருவர் சீட்டில் உட்காரட்டும். இன்னொருவர் பின்பக்கமாக 200 அடி வைத்து நடந்து போய்த் திரும்பிப் பார்க்கட்டும். நேர் பின்னாலிருந்து ஒருமுறை, சற்று இடமும் வலமும் விலகி ஒவ்வொரு முறை.

காரியாபட்டிப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு மாணவி புதுவிளக்கு மாட்டிய சைக்கிளில் பையோடு உட்கார்ந்திருக்க, அப்பா நடந்து போய்க் கோயில் முக்கில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“தெரியுதாப்பா?”

“தெரியலையே தாயி. பைய மறைக்குது. கொஞ்சம் கீழ இறக்கி மாட்டணும்.”

விளக்கு கேரியர் முனைக்கு இறங்குகிறது. அப்பா மறுபடி நடக்கிறார்.

“இப்பப்பா?”

“தெரியுது தாயி. நல்லாத் தெரியுது.”