தண்ணீர் மொண்டவர்கள் அறிந்தது



இந்த வாரத் தியானத்தை நான் ஒரு பிழையை அறிக்கையிடுவதிலிருந்து தொடங்க வேண்டும். பிழை என்னுடையது, அது நடந்தது பிரசங்க பீடத்தில்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சபையைச் சேர்ந்த ஒரு தாயின் இளைய மகனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வயது பத்தொன்பது. வாரத்திற்கு இரண்டு முறை அவனைப் பேருந்தில் திருச்சிக்கு அழைத்துச் சென்று டயாலிசிஸ் செய்து கொண்டு வருவார் அந்தத் தாய். சபையாக நாம் உபவாசித்து ஜெபித்தோம். ஒரு ஞாயிறன்று, குஷ்டரோகி சுத்தமான பகுதியைப் பிரசங்கித்த நான், ஆவியில் உற்சாகமடைந்து, அந்தத் தாயை நேராகப் பார்த்து, “அம்மா, சந்தேகப்படாமல் விசுவாசியுங்கள், உங்கள் மகன் இந்த ஆலயத்திற்கு நடந்து வந்து சாட்சி சொல்வான்” என்று கூறிவிட்டேன். சபை முழுவதும் ஆமென் என்றது.

எட்டு மாதங்களுக்குப் பின் அவனை அடக்கம் செய்தோம். எல்லாரும் கலைந்த பிறகு அந்தத் தாய் என்னிடம் வந்தார். அவர் அழவில்லை. “ஐயா, எனக்குத்தான் விசுவாசம் பத்தலீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. “கர்த்தர் ஆறுதல் தருவார், அம்மா” என்று எதையோ சொல்லிவிட்டு வந்தேன். மகனைப் பறிகொடுத்த ஒருவரின் தலையில், அவனைக் காப்பாற்றத் தவறிய பழியையும் நானே ஏற்றி வைத்திருந்தேன் என்பது அன்று இரவுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த வாரம் துறையூர் சாலையில் ஒரு வீட்டு ஜெபத்தை முடித்துத் திரும்புகையில், வண்டியைத் திருவெள்ளறையில் நிறுத்தினேன். அந்த ஊரைப் பலரும் புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலுக்காக அறிவார்கள். நான் சென்றது அதன் அருகே இருக்கும் பழைய கிணற்றுக்கு. ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன், பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்தது அது. மார்ப்பிடுகு பெருங்கிணறு என்பது அதன் கல்வெட்டுப் பெயர். நான்கு திசைகளிலிருந்தும் படிகள் இறங்கி, ஸ்வஸ்திக வடிவில் திரும்பி, நடுவில் உள்ள நீரைச் சேர்கின்றன. ஒரு துறையில் இறங்கி நிற்பவருக்கு அடுத்த துறையில் நிற்பவர் தெரியமாட்டார். மூப்பு வந்து உடல் தளருமுன், உண்டது போக மிஞ்சியதைப் பிறருக்குக் கொடுங்கள் என்ற கருத்தில் ஒரு செய்யுளையும் அங்கே பொறித்து வைத்திருக்கிறார்கள்.

மேல்படியில் உட்கார்ந்து அந்தப் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை தலைமுறைப் பெண்கள் குடத்தை இடுப்பில் ஏந்தி இவற்றில் ஏறி இறங்கியிருப்பார்கள்! வெட்டுவித்தவரின் பெயர் கல்லில் இருக்கிறது. மொண்டவர்களின் பெயர் எங்கும் இல்லை. அப்பொழுது கானா ஊர்க் கலியாண வீடு என் நினைவுக்கு வந்தது.

யோவான் சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும். அவற்றை யாரோ நிரப்ப வேண்டும். வேலைக்காரர் நடந்து நடந்து விளிம்பு மட்டும் நிரப்பினார்கள். பந்தி விசாரிப்புக்காரன் திராட்சரசத்தை ருசி பார்த்து மணவாளனைப் புகழ்ந்தான். அது எங்கிருந்து வந்தது என்று அவன் அறியவில்லை. தண்ணீரை மொண்டவர்கள் மட்டுமே அறிந்திருந்தார்கள் என்று யோவான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார். விருந்தினர் பலர் குடித்துவிட்டு வீடு போயிருப்பார்கள். அடையாளம் தெரிந்தது, சுமந்தவர்களுக்கு.

அடையாளம் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். நம் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில், கானாவில் நடந்ததை அற்புதம் என்று வாசிக்கிறோம். கிரேக்க மூலத்தில் யோவான் அங்கே எழுதியிருக்கும் சொல் ‘செமெயோன்’. அதன் நேர்ப்பொருள் அடையாளம். அற்புதம் என்றால் நாம் வியக்கிறோம். அடையாளம் என்றால், அது எதைக் காட்டுகிறது என்று கேட்க வேண்டியவர்களாகிறோம். திருச்சியிலிருந்து வரும் வழியில் திருவெள்ளறை என்று எழுதிய பலகையைக் கண்டவர், ஊர் வந்துவிட்டது என்று அந்தப் பலகையின் அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வதில்லை.

ஆனால் ஜனங்கள் அப்படித்தான் செய்தார்கள். ஐயாயிரம் பேரைப் போஷித்த சம்பவம், நான்கு சுவிசேஷங்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. உயிர்த்தெழுதலைத் தவிர்த்தால் நான்கிலும் காணப்படும் அற்புதம் அது ஒன்றுதான். மறுநாள் அதே ஜனங்கள் கடலைக் கடந்து இயேசுவைத் தேடி வந்தபோது, அவர்கள் அடையாளத்தைக் கண்டு வரவில்லை, வயிறு நிரம்பியதால் வந்தார்கள் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அப்பத்தைக் கண்டவர்கள், அதைக் கொடுத்தவரின் இருதயத்தைக் காணவில்லை. நானும் பிரசங்க பீடத்தில் பலகையைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் என்ன? வீட்டுக்கு வந்து அப்போஸ்தலர் நடபடிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறந்தேன். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான்; பின்பு பேதுருவைச் சிறையில் வைத்தான். பேதுருவின் சங்கிலிகள் கழன்றன, இரும்புக் கதவு தானாய்த் திறந்தது. ஒரே அதிகாரம், ஒரே சபை. யாக்கோபுக்காக அவர்கள் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? அவனுக்கும் ஒரு தாய் இருந்தாளே!

அதைவிடவும் ஒன்றைக் கவனியுங்கள். விடுதலையான பேதுரு வந்து கதவைத் தட்டினான். ரோதை என்னும் பெண் ஓடிப்போய்ச் சொன்னாள். உள்ளே ஊக்கமாய் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளை நம்பவில்லை. நீ பிதற்றுகிறாய் என்றார்கள். தங்கள் ஜெபத்தின் பதில் வாசலில் நிற்கும்போதே நம்ப முடியாதவர்களுக்குத்தான் அந்த அற்புதம் அருளப்பட்டது. ஆகவே, அற்புதம் நடந்த வீட்டில் விசுவாசம் மிகுதி, நடக்காத வீட்டில் குறைவு என்று கணக்கெழுத நமக்கு அதிகாரம் இல்லை.

“உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்று ஆண்டவர் சொன்னாரே” என்று சிலர் கேட்பீர்கள். ஆம், சொன்னார். குணமடைந்தவர்களைத் தேற்றி அனுப்பும்போது சொன்னார். பிள்ளையைக் கல்லறையில் வைத்துவிட்டு நின்ற எவரிடமும், உன் விசுவாசம் போதவில்லை என்று அவர் சொன்னதாக நான் வாசித்ததில்லை. சந்திரரோகியான மகனைக் கொண்டுவந்த தகப்பன், தன் அவிசுவாசம் நீங்க உதவும்படி கண்ணீரோடு கெஞ்சியபோதும் அவனைத் தள்ளவில்லை. எங்களால் ஏன் கூடாமற்போயிற்று என்று சீஷர்கள் தனியே வந்து கேட்டபோதுதான், அவர்களுடைய அவிசுவாசத்தைச் சுட்டிக்காட்டினார். அந்தக் கடிதல் பெற்றோர்களுக்கு அல்ல, என்னைப் போன்ற ஊழியக்காரர்களுக்கு உரியது.

இனி, அடையாளத்தைச் சரியாக வாசித்த ஒருவரை நினைவுகூர விரும்புகிறேன். அவர் நம் திருச்சிக்குச் சொந்தமானவர். ஜெர்மானிய மிஷனரியான கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் 1750-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பின்னர் திருச்சியில் பல ஆண்டுகள் ஊழியம் செய்தார்; கோட்டைப் பகுதியில் உள்ள கிறிஸ்து ஆலயம் அவர் காலத்தில், 1766-இல் கட்டப்பட்டது. அதன்பின் அவர் தஞ்சைக்குச் சென்றார். 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பால் சோழநாடு பாழானபோது, தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பசியால் தெருவில் விழுந்து மடிந்தார்கள். கிராமங்களில் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள் கிடைக்கவில்லை. முன்பு மாடும் நெல்லும் கொடுத்த குடியானவர்களுக்குப் பணம் கொடுக்கப்படாததால், அரசரின் வாக்கையும் அவர்கள் நம்பவில்லை. அப்போது, சுவார்ட்ஸின் சொல்லையாவது நம்புவார்களா என்று கேட்டுப் பார்க்கும்படி அந்தப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பணத்துக்கு நான் பொறுப்பு என்று அவர் ஊர்களுக்குச் சொல்லி அனுப்பினார். ஓரிரு நாட்களில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன; 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. கொடுத்த வாக்கின்படி ஒவ்வொருவருக்கும் பணத்தைக் கொடுத்து அனுப்பினார்.

அங்கே அப்பம் பெருகவில்லை. இயற்கை விதி எதுவும் மாறவில்லை. ஒரு மனிதனின் வாக்கு பொய்க்காது என்று, அவர் மதத்தைச் சேராத குடியானவர்களும் நம்பினார்கள், அவ்வளவுதான். ஐந்து அப்பங்களின் சம்பவத்தில் சுவார்ட்ஸ் கண்டது பசித்தவர்களைப் பார்த்து மனதுருகிய ஆண்டவரை. அந்த மனதுருக்கம் தஞ்சையில் மாட்டு வண்டியாயிற்று.

இதைச் சொல்வதால், இன்று தேவன் நோயாளிகளைச் சுகப்படுத்துவதில்லை என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அவர் சர்வ வல்லவர். மருத்துவர்கள் கைவிட்டவர்கள் எழுந்து நடந்ததை நானும் கண்டிருக்கிறேன். இன்றும் வியாதியஸ்தரின் தலையில் கைவைத்து, சுகம் தாரும் என்றே ஜெபிக்கிறேன். ஆனால், நடக்கும் என்று நாள் குறித்து வாக்குக் கொடுப்பதை விட்டுவிட்டேன். லாசருவும் மறுபடி ஒருநாள் மரித்தான். குணமான குருடனின் கண்களும் ஒருநாள் மூடின. அவை யாவும், கண்ணீர் யாவும் துடைக்கப்படும் நாளைச் சுட்டிய கைகள். மரணத்தை முழுதாய் வென்ற அற்புதம் ஒன்றே. அது மூன்றாம் நாள் காலையில் நடந்தது. நம் விசுவாசம் அதன்மேல் நிற்கிறது.

திருவெள்ளறையிலிருந்து திரும்பிய சில நாட்களில் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். “அம்மா, குறை உங்கள் விசுவாசத்தில் இல்லை. கர்த்தர் எனக்குச் சொல்லாததை நான் சொன்னேன். என்னை மன்னித்துவிடுங்கள்” என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பின்பு உள்ளே போய் ஒரு தூக்குவாளியை எடுத்துவந்து என் முன் வைத்தார்.

“இது எதுத்த வீட்டு அக்காவோடதுங்க ஐயா. எட்டு மாசம், ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கெல்லாம் விடியக்காலையில கஞ்சி காச்சி இதுல ஊத்திக் குடுத்துச்சு. மழையிலயும் நிக்கல. திருப்பிக் குடுத்தா வாங்க மாட்டேங்குது. நீங்களாச்சும் சொல்லிக் குடுத்துருங்க” என்றார்.

எதிர் வீட்டு அந்தச் சகோதரி நம் சபையின் கடைசி வரிசையில் அமர்பவர். சாட்சி நேரத்தில் ஒருநாளும் எழுந்து பேசாதவர். எட்டு மாதங்களாக ஒவ்வொரு ஞாயிறும், அற்புத சாட்சி உள்ளவர்கள் முன்னே வாருங்கள் என்று நான் அழைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூட அவரைக் காணவில்லை. நான் வேறொரு துறையில் நின்றிருந்தேன்.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் தெருவில் எந்த வீட்டில் வியாதி இருக்கிறது என்று பாருங்கள். அவர்களுக்காக முழங்காலில் நின்று சுகத்தைக் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். எழுந்த பிறகு ஒரு குடம் தண்ணீரையும் எடுத்துச் செல்லுங்கள். அதைத் திராட்சரசமாக்குவது ஆண்டவரின் சித்தம். சாடியை விளிம்பு மட்டும் நிரப்புவது நம்மிடம் விடப்பட்டிருக்கிறது.

ஜெபிப்போம்:

இரக்கமுள்ள பரம பிதாவே, கேட்டதைப் பெற்றவர்களோடு நாங்கள் களிகூரவும், பெறாதவர்களைக் குற்றப்படுத்தாமல் அவர்கள் அருகே அமர்ந்திருக்கவும் கிருபை தாரும். நீர் சொல்லாததைச் சொல்லாதபடி எங்கள் நாவைக் காத்தருளும். பிள்ளைகளை இழந்த பெற்றோரை உம்முடைய மார்பில் அணைத்துக்கொள்ளும். உயிர்த்தெழுந்த இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.