கோல் பேலன் விட்டுச்சென்ற வேலை

1951-இல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் இருந்த ரூஸ்வெல்ட் ஃபீல்ட் விமானத் திடலை மூடினார்கள். 1927-இல் லிண்ட்பெர்க் தன்னந்தனியாகப் பாரிஸுக்குப் பறக்கக் கிளம்பிய இடம் அது. அந்த நிலத்தில் கடைவளாகம் வரவிருந்தது. கொட்டகையில் தூசி படிந்து கிடந்த முதல் உலகப் போர்க் கால விமானங்களில் சிலவற்றை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது. மிஞ்சிய ஆறையும், அதுவரை சேர்த்துவைத்திருந்த பணத்தையெல்லாம் கொடுத்து ஓர் இளம் மெக்கானிக் வாங்கினார். அவர்தான் கோல் பேலன். அப்போது அவருக்கு 25 வயது. இரண்டாம் உலகப் போரில் காலாட்படையில் இருந்து திரும்பியவர், அதே திடலில் இருந்த பள்ளியில்தான் விமானத் தொழில் கற்றிருந்தார். இறக்கைகளைக் கழற்றி, வண்டியில் கட்டி இழுத்துவந்து, வீட்டுக் கோழிக் கொட்டகைகளில் அடுக்கிவைத்தார்.

பிறகு ஹட்சன் பள்ளத்தாக்கில் ரைன்பெக் அருகே ஒரு பழைய பண்ணையை வாங்கிக் காட்டை வெட்டிப் புல் ஓடுதளம் அமைத்தார். 1960-இல் விமானக் காட்சிகள் தொடங்கின. 1993 டிசம்பரில் பேலன் இறந்துபோனார். அதற்குப் பின்னும் ஓல்ட் ரைன்பெக் ஏரோட்ரோம் எனப்படும் அந்தத் திடலில் கோடையிலிருந்து அக்டோபர் வரை வாரக் கடைசிகளில் விமானங்கள் எழும்புகின்றன. அவற்றை எழும்ப வைக்கிறவர்களைப் பார்க்கத்தான் நான் ஒரு வேலைநாளில் அங்கே போனேன்.

கொட்டகைக்குள் ஓர் இறக்கையை நிமிர்த்தி நிறுத்தி, ஆளுக்கொரு பக்கமாக இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுபதைத் தாண்டியவர், பேலனிடம் நேரடியாக வேலை பழகியவர். எதிரே இருந்த பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். மரச் சட்டத்தின்மேல் துணியைப் போர்த்தி, மெழுகு தடவிய நூலால் ஒவ்வொரு விலாக்கட்டையோடும் சேர்த்துத் தைக்கிறார்கள். நீள ஊசி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரும். அங்கிருப்பவர் வாங்கி, கட்டையின் மறு ஓரமாகத் திருப்பி அனுப்புவார். தையலுக்குத் தையல் ஒரு முடிச்சு. எங்காவது நூல் அறுந்தாலும் அடுத்த முடிச்சு பிடித்துக்கொள்ளும். பறக்கும்போது இறக்கையின் மேற்பக்கத் துணியைக் காற்று மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அதைச் சட்டத்திலிருந்து பிய்ந்துவிடாமல் காப்பது இந்தத் தையல்தான். பெரியவர் விரல் நுனியால் வரிசையைத் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்று, “இதை அவிழ்த்துடும்மா” என்ற பாவனையில் தலையசைத்தார். அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் நூலை வெட்டினாள்.

தைத்து முடித்தபின் துணியின்மேல் டோப் என்ற பூச்சைப் பூசுவார்கள். மூக்கைத் துளைக்கும் நெடி, சட்டெனத் தீப்பற்றும் பொருள். காயக் காயத் துணி சுருங்கி இறுகும். ஒரு பூச்சு, உலர்த்தல், தேய்ப்பு, மறுபடி பூச்சு. ஈரப்பதம் மிகுந்த நாளில் பூசினால் வெளுத்துவிடும் என்பதால் வானிலை பார்த்தே தூரிகையை எடுக்கிறார்கள்.

எஞ்சின் வேலை வேறொரு மூலையில். அந்தக் காலத்து ரோட்டரி எஞ்சின்களில் கிராங்க் தண்டு விமான உடலோடு அசையாமல் இருக்கும். சிலிண்டர்கள் அத்தனையும் விசிறியோடு சேர்ந்து சுழலும். எடை குறைவு, சுழற்சியிலேயே சூடும் தணியும். ஆனால் அவ்வளவு கனம் மூக்கில் சுழலும்போது விமானம் ஒரு பக்கம் திரும்பினால் தலை தாழும், மறுபக்கம் திரும்பினால் தலை எழும்பும். வேகத்தைக் குறைக்க ஓட்டி ஒரு பொத்தானை அழுத்தித் தீப்பொறியை விட்டு விட்டு நிறுத்துகிறார். ரைன்பெக்கில் தரையிறங்கும் விமானங்கள் அடங்கி அடங்கிச் சீறுவது அதனால்தான்.

இவற்றுக்கு ஊற்றும் எண்ணெய் நம் விளக்கெண்ணெய். பெட்ரோலோடு எளிதில் கலந்து நீர்த்துப்போகாது என்பதால் அதைத் தேர்ந்தார்கள். உள்ளே போன எண்ணெய் திரும்புவதில்லை. புகையோடு வெளியே தெறித்து ஓட்டியின் முகத்திலும் விமானத்தின் அடிவயிற்றிலும் படிகிறது. முதல் உலகப் போரில் இதற்குத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்கா பம்பாயிலிருந்து ஆமணக்கு விதையைக் கப்பலில் தருவித்துத் தன் மண்ணில் பயிரிட்டது. பறந்து வந்த விமானத்தைச் சூடு ஆறுவதற்குள் துடைத்துவிட வேண்டும் என்றார் அங்கே வேலை செய்தவர். விட்டுவிட்டால் பிசினாக இறுகிவிடுமாம். காட்சி முடிந்து கூட்டம் கலைந்தபின் நடக்கும் இந்தத் துடைப்பு வேலைக்குக் கைதட்டல் கிடையாது.

1909-இல் செய்த பிளேரியோ விமானம் ஒன்றும் இங்கே இருக்கிறது. மூன்று சிலிண்டர் ஆன்சானி எஞ்சின், மரச் சட்டம், குறுக்குமறுக்காகக் கம்பிகள். காற்று அடங்கிய நாளில் புல்வெளிக்கு மேலே சற்றே எழும்பி, நேராகப் போய் இறங்கும், திருப்பங்கள் எடுப்பதில்லை. இன்றுவரை எஞ்சியிருக்கும் அசல் விமானத்தைப் பறக்கவிட்டுப் பணயம் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். பேலனும் அதை அறியாதவர் அல்ல. அதனால்தான் பழைய எஞ்சின் கிடைத்தால் அதற்குப் புதிதாக உடல் செய்து பறக்கவிடும் வழியும் இங்கே உண்டு. அவர் வாங்கிய ஆறில் ஒன்றான சாப்வித் ஸ்னைப் இப்போது ஸ்மித்சோனியனில் பத்திரமாக இருக்கிறது. அது அங்கே இருப்பது சரிதான்.

ஆனாலும் நான் பேலன் பக்கம்தான். பறக்காத விமானத்தில் துணி கிழிவதில்லை, கம்பி தளர்வதில்லை, வால்வு கருகுவதில்லை. பழுதே வராத இடத்தில் பழுது பார்க்கும் கை எப்படி உருவாகும்? ரைன்பெக்கில் ஒவ்வொரு வாரக் கடைசியும் ஏதாவது ஒன்று உடைகிறது. திங்கட்கிழமை யாராவது ஒருவருக்கு அதைச் சரிசெய்யக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. ஆமணக்கெண்ணெயும் பஞ்சுத் துணியும் கடையில் கிடைக்கும். முடிச்சின் இறுக்கத்தைத் தடவிப் பார்த்தே சொல்லும் அந்தப் பெரியவரின் விரல், முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பேலன் இல்லாமலும் இந்த வேலை நின்றுவிடாததால் கிடைத்தது. எதிரே இருந்த பெண்ணிடம் எவ்வளவு காலமாகக் கற்றுக்கொள்கிறாய் என்று கேட்டேன். “மேல் இறக்கை முடிந்துவிட்டது, கீழ் இறக்கை பாக்கி” என்றாள்.