காற்றின் குளிர், பீரின் சூடு

ஜனவரி 11, சனி

வெளியே மைனஸ் ஆறு. இந்தக் குளிர்காலத்தின் லாகரை இன்று காய்ச்சி முடித்தேன். பில்ஸ்னர் மால்ட், ஜெர்மனியின் ஹாலர்டாவ் ஹாப்ஸ், டொராண்டோ குழாய்த் தண்ணீர். சேர்மானம் அவ்வளவுதான். சேர்மானம் குறையக் குறைய ஒளிந்துகொள்ள இடமும் குறைகிறது. கருப்பு ஸ்டவுட்டில் வறுத்த மால்ட்டின் கசப்பு பல குறைகளை மூடிவிடும். வெளிர்மஞ்சள் லாகரில் ஒரு சின்ன வாடைகூட நாக்கில் பளிச்சென்று தெரியும். அந்த வாடைகளில் பாதிக்கு மேல் வெப்பநிலைக் கோளாறால் வருபவை.

முதல் சிக்கல் ஆற்றுவதில். ஏல் வகை பீருக்கு மால்ட் சாறு 18, 20 டிகிரிக்கு இறங்கினால் போதும். லாகருக்கு 10க்குக் கீழே போக வேண்டும். சாற்றுக்குள் அமிழ்த்திய செம்புச் சுருளில் எவ்வளவு நேரம் தண்ணீரை ஓடவிட்டாலும் அந்தத் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாகச் சாறு ஆறாது. ஆகஸ்டில் இந்த வேலை நடக்கவே நடக்காது. ஜனவரியில் குழாயைத் திறந்தாலே விரல் மரத்துப்போகிறது. இன்று அளந்தபோது 5 டிகிரி. ஒண்டாரியோ ஏரியின் தண்ணீர் இது. இதே ஏரியில் 83 மீட்டர் ஆழத்திலிருந்து 4 டிகிரி தண்ணீரை இழுத்துத்தான் 2004இலிருந்து டவுன்டவுன் கட்டடங்கள் பலவற்றைக் குளிர்விக்கிறார்கள். கோடையில் அவர்களுக்கு அவ்வளவு ஆழம் வேண்டியிருக்கிறது. எனக்கு ஜனவரி போதும்.

சாறு 9 டிகிரிக்கு வந்ததும் ஈஸ்ட்டைத் தூவினேன். வைஹென்ஸ்டெஃபனின் 34/70 ரகம், 20 லிட்டருக்கு 11.5 கிராம் பாக்கெட் இரண்டு. ஏலாக இருந்தால் ஒன்றே போதும். குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் பெருகும் என்பதால் தொடக்கத்திலேயே எண்ணிக்கை அதிகம் வேண்டும். 20 டிகிரியில் ஈஸ்ட்டைப் போட்டு, கிளம்பியபின் குளிரவைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழ வாசனைகளும் வெண்ணெய் வாடைக்கான மூலப்பொருளும் பெரும்பாலும் ஈஸ்ட் பெருகும் அந்த முதல் நாட்களில்தான் உருவாகின்றன. அப்போது சூடாக விட்டுப் பிறகு குளிரவைப்பதில் என்ன பயன்?

பாத்திரம் கோல்ட் ரூமில் இருக்கிறது. இந்த ஊர்ப் பழைய வீடுகள் பலவற்றில் முன்வாசல் படிக்கட்டுக்கு அடியில் கான்கிரீட்டில் இப்படியொரு சிறிய அறை உண்டு. வெளிக்காற்று வர சுவரில் ஒரு துவாரம். முன்பு குடியிருந்தவர்கள் ஒயினும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தார்களாம். அறையின் காற்று இப்போது 8 டிகிரி.

ஜனவரி 13, திங்கள்

காலையில் பாத்திரத்தின் மூடியிலுள்ள ஏர்லாக்கில் முதல் குமிழிகள். மாடியில் இட்லி மாவு புளிப்பதற்காக ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்திருக்கிறது; இந்த ஊர் ஜனவரியில் அப்படிச் செய்யாவிட்டால் மாவு பொங்காது. ஒரே வீட்டில் மேலே ஒன்றைச் சூடாக்க வேண்டியிருக்கிறது, கீழே ஒன்றைச் சூடேறாமல் காக்க வேண்டியிருக்கிறது.

லாகர் ஈஸ்ட் குளிரில் வேலை செய்வதற்கு அதன் பிறப்பே காரணம். அது ஒரு கலப்பினம். ஒரு பாதி, ஏலிலும் ரொட்டியிலும் பயன்படும் பழைய ஈஸ்ட்டின் வழி. மறுபாதி எங்கிருந்து வந்தது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2011இல் அர்ஜென்டினாவின் பட்டகோனியாக் காடுகளில் தெற்கு பீச் மரங்களில் வளரும் காளான் முடிச்சுகளிலிருந்து அந்த மூதாதையைப் பிரித்தெடுத்தார்கள். பிற்பாடு திபெத்திலும் அயர்லாந்திலும் கிடைத்தது. குளிரைத் தாங்கும் குணம் அந்தக் காட்டு ஈஸ்ட்டிடமிருந்து வந்தது.

ஜனவரி 15, புதன்

காலையில் மனைவி கேட்டாள். “என்னங்க, கீழே முட்டை அழுகின வாடை அடிக்குதே, பீர் கெட்டுப்போச்சா?” கெடவில்லை. லாகர் ஈஸ்ட் மும்முரமாக இருக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவரும். பெரும்பகுதி கரியமில வாயுவோடு கிளம்பிப் போய்விடும், மிச்சம் குளிர்க்கிடங்கில் கிடக்கும் வாரங்களில் அடங்கும்.

கவலை வேறிடத்தில். அறையின் காற்று இன்னும் அதே 8 டிகிரி. பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சென்சார் 12.4 காட்டுகிறது.

இந்தச் சூடு ஈஸ்ட்டின் சூடு. 20 லிட்டரில் இரண்டரைக் கிலோ அளவுக்குச் சர்க்கரைச் சத்து கரைந்திருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கை ஈஸ்ட் தின்றுவிடும். ஒவ்வொரு கிலோவுக்கும் 580 கிலோஜூல் போல வெப்பம் வெளியாகிறது. இந்த வெப்பம் அத்தனையும் உள்ளேயே தங்கினால் பீர் பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும். பாத்திரத்தின் சுவர் வழியாகக் கசிவதால்தான் நாலு டிகிரியோடு நிற்கிறது. வீட்டில் லாகர் காய்ச்சும் புதியவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஃபிரிட்ஜின் முகப்பில் தெரியும் எண் காற்றுடையது. ஈஸ்ட் காற்றில் வாழவில்லை. அறையில் 12 டிகிரி இருக்கிறதே, லாகருக்கு அதுதானே கணக்கு என்று நிம்மதியாக இருப்பவரின் பாத்திரத்துக்குள் 16 ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் எந்த நாட்களில் ஓடவே கூடாதோ அந்த நாட்களில்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கொரு வழி இருக்கிறது. நான் பாத்திரத்தின் பாதி உயரத்தில் வெளிச்சுவரோடு ஒட்டி, மேலே உள்ளங்கை அகல ஃபோம் துண்டு ஒன்றை வைத்து டேப்பால் இறுக்கிவிடுகிறேன். ஃபோம் இல்லாவிட்டால் பாதி காற்றையும் பாதி பீரையும் அளந்து இரண்டுமில்லாத ஒரு எண்ணைக் காட்டும். மூடி வழியாக இறங்கும் எஃகுக் குழாய்க்குள் வைத்தும் ஒப்பிட்டிருக்கிறேன். வித்தியாசம் அரை டிகிரிக்குள்தான்.

மாலையில் அறைக் கதவைச் சாத்தி, துவாரத்தை முழுக்கத் திறந்துவிட்டேன். காற்று 6க்கு வந்தது. இரவு பத்து மணிக்குப் பீர் 11.1.

ஜனவரி 18, சனி

வானிலை அறிக்கையில் நாளை இரவிலிருந்து மைனஸ் இருபது. கோல்ட் ரூம் மூன்று டிகிரிக்கும் கீழே போகும். ஈஸ்ட்டின் வேகமும் இப்போது தணியத் தொடங்கியிருக்கிறது, அதாவது அதன் சொந்தச் சூடு குறைகிறது. இரண்டும் சேர்ந்து இறங்கினால் ஈஸ்ட் அடியில் படிந்து, வேலை பாதியில் நின்றுவிடும்.

இயற்கைக் குளிரை நம்பிய எல்லோருக்கும் இந்த அல்லல் இருந்தது. பவேரியாவில் 1553இல் பிரபு ஐந்தாம் ஆல்பிரெக்ட், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சத் தடை விதித்தார். கோடைப் பீர் கெட்டுப்போகிறது என்பது அனுபவம். காரணம் யாருக்கும் தெரியாது. குளிர்மாதங்களில் காய்ச்சியதை நிலவறைகளில் அடுக்கி, குளத்துப் பனிக்கட்டியைத் துண்டு போட்டு நிரப்பினார்கள். மேலே தரையில் வெயில் விழாதபடி அகன்ற இலையுள்ள கஷ்கொட்டை மரங்களை நட்டார்கள். மியூனிக்கின் பீர்த் தோட்டங்களில் இன்று மக்கள் உட்காரும் நிழல் அந்த மரங்களுடையது. 1870களில் கார்ல் ஃபான் லிண்டெ தன் குளிர்பதன இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்க இடம் கொடுத்தது அதே ஊரின் ஷ்பாட்டன் மதுவாலை. நம் சமையலறை ஃபிரிட்ஜின் பரம்பரையில் லாகருக்கும் பங்குண்டு என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பேஸ்மென்ட்டில் இருக்கும் பழைய ஃபிரிட்ஜின் தட்டுகளைக் கழற்றி இடம் செய்தேன். அதன் சொந்தத் தெர்மோஸ்டாட்டைக் கடைசிக் குளிருக்குத் திருப்பிவிட்டு, மின்சாரத்தை வெளியிலுள்ள வெப்பநிலைக் கன்ட்ரோலர் வழியாகக் கொடுத்தாயிற்று. சென்சாரை நம்புவதற்கு முன் ஒரு சோதனை. ஐஸை நொறுக்கி டம்ளர் நிறையப் போட்டு, இடுக்கு நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, சென்சாரை நடுவில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தேன். பூஜ்யம் காட்ட வேண்டும். 1.3 காட்டி அங்கேயே நின்றது. கன்ட்ரோலரில் மைனஸ் 1.3 திருத்தம் போட்டபின்தான் பாத்திரத்தை உள்ளே தூக்கி வைத்தேன். இந்தப் பதினைந்து நிமிடச் சோதனையை விலையுயர்ந்த கருவி வைத்திருப்பவர்களும் செய்ய வேண்டும்.

ஜனவரி 20, திங்கள்

யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் பக்கத்துத் தெருவிலிருந்து பார்க்க வந்தார். ஃபிரிட்ஜைத் திறந்ததும் கேட்டார்: “இதென்ன தம்பி, ஃபிரிட்ஜுக்குள்ள ஹீட்டரைச் சுத்தி வச்சிருக்கிறீர்?”

“பேஸ்மென்ட் குளிரா இருக்கு அண்ணை. பீருக்கு ரெண்டும் வேணும்.”

ஆனால் அந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதை நேற்றிரவே பதிவில் பார்த்துவிட்டேன். கன்ட்ரோலர் 11 டிகிரியில். இருபுறமும் அரை டிகிரி இடைவெளி. பீர் 11.5ஐத் தொட்டதும் கம்ப்ரசர் ஓடுகிறது. 20 லிட்டர் குளிர நேரமெடுப்பதால் நெடுநேரம் ஓடுகிறது. அதற்குள் ஃபிரிட்ஜின் பின்சுவரில் பனி கட்டிவிடுகிறது. 11இல் கம்ப்ரசர் நின்றாலும் அந்தச் சுவர் தொடர்ந்து சூட்டை இழுக்கும், பீர் 10.4க்குப் போகிறது. உடனே ஹீட்டர் பட்டி எரிகிறது. அது அணைந்த பிறகும் பட்டியில் தேங்கிய சூடு பீரை மேலே தள்ளுகிறது, மறுபடியும் கம்ப்ரசர். இரவு முழுக்க இதே ஆட்டம். சராசரி எடுத்தால் 11 என்று அழகாக வரும். ஈஸ்ட்டுக்கு அது ஏறி இறங்கும் படிக்கட்டு.

இடைவெளியைக் குறுக்குவதுதான் துல்லியம் என்று தோன்றும். இங்கே விரிப்பதுதான் மருந்து. குளிர்ப்பக்கம் ஒன்று, சூட்டுப்பக்கம் ஒன்று என ஒவ்வொரு டிகிரி கொடுத்தேன். கம்ப்ரசர் மறுபடி ஓட பத்து நிமிடத் தாமதம். அதன் ஆயுளுக்கும் அது நல்லது. உள்ளே காற்று சுழல, பழைய கம்ப்யூட்டரின் சிறு விசிறி. 25 வாட் ஹீட்டர் பட்டியைச் சென்சாரிலிருந்து தள்ளி எதிர்ப்பக்கம் மாற்றினேன். இன்று மாலை முழுக்க 10.8க்கும் 11.3க்கும் நடுவே நிற்கிறது. ஹீட்டர் ஒருமுறைகூட எரியவில்லை.

ஜனவரி 22, புதன்

ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி 1.020. தொடங்கியது 1.048இல். இனி சூட்டை ஏற்றலாம், 16 டிகிரி வரை.

லாகர் என்றால் கடைசிவரை குளிர் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஈஸ்ட் வளரும்போது ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் என்ற பொருள் பீருக்குள் கசிகிறது. அதற்கென்று வாசனை இல்லை. அது தானாகவே, மெல்ல, டையசிட்டைலாக மாறும். அதுதான் வெண்ணெய் வாடை. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்திலொரு பங்கு இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். அதைத் திரும்ப உள்ளிழுத்துச் செரிப்பதும் ஈஸ்ட்டேதான். மாறுவதற்கும் சூடு வேண்டும், செரிப்பதற்கும் சூடு வேண்டும், ஈஸ்ட்டும் விழித்திருக்க வேண்டும். இதற்கு முன்பே குளிரில் தள்ளினால் அன்று பீர் நன்றாகத்தான் இருக்கும். பாட்டிலில் போட்டு நண்பர் வீட்டு அலமாரியில் இரண்டு வாரம் நின்றபின் வெண்ணெய் மணக்கும்.

ஏர்லாக்கில் ஒரு மைலார் பலூனை மாட்டினேன். இப்போது வரும் வாயு பிறகு தேவைப்படும்.

ஜனவரி 26, ஞாயிறு

1.011. குமிழி அநேகமாக நின்றுவிட்டது. இரண்டு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பீர், இரண்டுக்கும் ஃபாயில் மூடி. ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தேன், மற்றது மேசையில். வெந்நீரில் வைத்ததை ஆறவைத்து, இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து முகர்ந்தேன். மேசையில் இருந்ததில் மால்ட், லேசாகக் கந்தகம். சூடாக்கியதில் சந்தேகமே இல்லை, தியேட்டர் பாப்கார்ன். ஒளிந்திருந்ததை அந்த வெந்நீர் வெளியே கொண்டுவந்துவிட்டது. காத்திருக்க வேண்டும்.

ஜனவரி 30, வியாழன்

அதே சோதனை. இரண்டு குவளைக்கும் வித்தியாசம் இல்லை. மனைவியிடம் எது எதென்று சொல்லாமல் நீட்டினேன். அவளாலும் பிரிக்க முடியவில்லை. 1.010. முடிந்தது.

பிப்ரவரி 8, சனி

நாளுக்கு இரண்டு டிகிரியாக இறக்கி இன்று 2க்கு வந்திருக்கிறது. குளிரும்போது பாத்திரத்துக்குள் வாயு சுருங்கும், கொஞ்சம் பீரில் கரையவும் செய்யும். அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்றை ஏர்லாக் வழியாக உறிஞ்சும். இந்த நிலையில் ஆக்சிஜன் புகுந்தால் பீர் சீக்கிரமே நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி மணக்கத் தொடங்கும். பலூன் அதற்காகத்தான். ஊதி நின்றது இப்போது முக்கால்வாசி சுருங்கியிருக்கிறது. அத்தனையும் கரியமில வாயுவாகவே உள்ளே போயிருக்கிறது.

கோல்ட் ரூமும் இப்போது 3 டிகிரியில் நிலையாக நிற்கிறது. ஈஸ்ட் அடங்கிவிட்டதால் பீருக்கும் காற்றுக்கும் இனி ஒரே எண்தான். நாளை பாத்திரத்தை அங்கே மாற்றிவிட்டு ஃபிரிட்ஜைத் துடைத்து வைக்க வேண்டும். மார்ச் கடைசியில் அந்த அறை 8ஐத் தாண்டும், அதற்கு முன் பாட்டிலில் ஏற்றிவிடலாம். நடுவே ஆறு வாரம் இருப்பதால் ஃபிரிட்ஜில் இன்னொரு லாகருக்கு இடமுண்டு. குழாய்த் தண்ணீர் இன்று காலையும் 5 டிகிரிதான். அண்ணர் பாதி மால்ட்டைத் தான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அடுத்த சனிக்கிழமை அவரும் வருகிறார்.