சொன்ன நேரம் தவறாத கார்

ஆட்டோமேட்டிக் கியர் வைத்த சின்னக் காரை டிராக் ரேஸில் ஓட்டப்போவதாகச் சொன்னால் அமெரிக்காவிலும் முதலில் சிரிக்கத்தான் செய்வார்கள். காய்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் வாங்குகிற வண்டி அது. 1994-ல் விற்பனைக்கு வந்த டாட்ஜ் நியான் நல்ல உதாரணம். 2 லிட்டர் எஞ்சின், 132 குதிரைசக்தி. ஆட்டோமேட்டிக் கேட்டால் கிடைத்தது மூன்றே கியர். டிராக் ரேஸின் தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பி அதைக் கடக்க இந்த வண்டிக்குச் சுமார் 17 வினாடி பிடிக்கும். பக்கத்துத் தடத்தில் நிற்கும் பெரிய வி-8 கார் 12 வினாடியில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனாலும் இத்தகைய சின்னக் கார்கள் பந்தயத்துக்கு வருகின்றன. சில நாள் ஜெயித்துவிட்டும் போகின்றன.

இதற்குக் காரணம் பிராக்கெட் ரேஸ் என்கிற ஏற்பாடு. ஒவ்வொருவரும் தன் கார் எத்தனை வினாடியில் தூரத்தைக் கடக்கும் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பலர் வெள்ளை ஷூ பாலிஷால் அந்த எண்ணைக் கண்ணாடியிலேயே எழுதிவிடுவார்கள். ஒருவர் 16.20 என்கிறார், எதிராளி 12.70 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்குப் பச்சை விளக்கு மூன்றரை வினாடி முன்னதாகவே எரியும். இருவரும் சொன்னபடி ஓடினால் எல்லைக் கோட்டை ஒன்றாகத் தொடுவார்கள். வேடிக்கை இனிமேல்தான். சொன்னதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. 12.70 என்று எழுதிய வி-8 கார் 12.68-ல் வந்தால், 16.22-ல் வந்த சின்னக் காருக்கே வெற்றி.

எனவே இந்தப் பந்தயத்துக்குக் காரைத் தயார் செய்கிறவர் வேகத்தைவிட ஒழுங்கைத்தான் முதலில் தேட வேண்டும். காலையில் ஓடியது போலவே மாலையிலும் ஓட வேண்டும். ஆட்டோமேட்டிக்கின் அருமை இங்கேதான் தெரிகிறது. கிளட்சைக் காலால் விடுகிறவர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் விடுவார். அவசரத்தில் கியர் தவறுவதும் உண்டு. ஆட்டோமேட்டிக்குக்குப் பதற்றம் கிடையாது.

அதன் உள்ளே எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைப்பது டார்க் கன்வெர்ட்டர். எஞ்சின் சுழற்றும் எண்ணெய் மறுபுறத்தில் உள்ள சக்கரத்தைத் தள்ளுகிறது. கிளம்பும் நேரத்தில் இது எஞ்சினின் முறுக்கு விசையைப் பெருக்கியும் தருகிறது. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் குறிப்பிட்ட சுழற்சி வரைதான் ஏறும். இதை ஸ்டால் என்பார்கள். சின்ன எஞ்சினின் பலமெல்லாம் உயர்ந்த சுழற்சியில்தான் இருக்கிறது. அதனால் ஸ்டால் அதிகமுள்ள கன்வெர்ட்டரை மாற்றிப் போட்டால் கார் துள்ளிக் கிளம்பும். விலையும் உண்டு: எண்ணெய் அதிகம் வழுக்கும், சூடேறும், சாலையில் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும்.

ஆகவே விவரம் தெரிந்தவர் முதலில் வாங்குவது கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர். எண்ணெயின் சூடு சுமார் 80 டிகிரி செல்சியசைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பட்டறைக் கணக்கு. சூடான எண்ணெய் கியர் விழுவதையும் மாற்றிவிடும். பிறகு கண்ணாடியில் எழுதிய எண்ணுக்கு அர்த்தமில்லை. அடுத்து, வால்வு பாடியில் சிறு மாற்றம் செய்து எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். கியர் தயங்காமல் விழும், கிளட்ச் தகடுகள் தேய்வதும் குறையும்.

செலவே இல்லாத வேலையும் இருக்கிறது. ஸ்டெப்னியையும் பின் சீட்டையும் கழற்றி வைப்பது. 45 கிலோ குறைந்தால் பத்தில் ஒரு பங்கு வினாடி மிச்சம் என்பது இன்னொரு பட்டறைக் கணக்கு. டயர் விஷயம் அவ்வளவு சுலபமல்ல. கார் பாய்ந்து கிளம்பும்போது பாரம் பின்னுக்குச் சாய்கிறது. இழுப்பதோ முன் சக்கரங்கள். அவை லேசாகிச் சும்மா சுழலும். எனவே முன்னால் மென்மையான ரப்பர் டயர், பின்னால் விறைப்பான ஸ்பிரிங்.

இதற்கெல்லாம் மேலே ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காற்றின் வெப்பம், ஈரப்பதம், டயர் காற்று, எடுத்துக்கொண்ட நேரம் எல்லாம் அதில் ஏற வேண்டும். வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும், எஞ்சின் சோர்ந்துவிடும். அன்றைக்குக் கார் எப்படி இருக்கிறது என்று ஆசைப்படாமல் எழுதத் தெரிந்தவருக்குத்தான் ஜெயிக்க வாய்ப்பு.

இந்த விளையாட்டு முறைப்பட்டதற்கே காரணம் தெருதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிஃபோர்னியா இளைஞர்கள் சாலைகளில் பந்தயம் விட்டதைக் கட்டுக்குள் கொண்டுவர, 'ஹாட் ராட்' பத்திரிகை ஆசிரியர் வாலி பார்க்ஸ் 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். அதற்கு முந்தைய வருடமே சான்டா ஆனா விமான தளத்தில் பந்தயத் தடம் ஒன்று திறந்திருந்தது. விமான தளத்தில் பந்தயம் என்பது சோழவரத்தை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல.

இப்போது அந்தத் தடங்கள் குறைந்து வருகின்றன. லாஸ் ஏஞ்சலிஸை அடுத்த பாம்டேலில் இருந்த தடம் 2007-ல் மூடப்பட்டது. நியூஜெர்சியின் இங்கிலிஷ்டவுனில் 2018-ல் டிராக் ரேஸ் நின்றது. 2023-ல் ஹூஸ்டன் தடமும் டென்வர் அருகே பேண்டிமியரும் போயின. ஊருக்கு வெளியே இருந்த இடங்களைத் தேடி ஊரே வந்துவிட்டது. நிலத்தின் விலை ஏறியது, சத்தம் பற்றிய புகார்களும் ஏறின.

இதில் அதிகம் இழப்பவர் 17 வினாடிக் காரின் சொந்தக்காரர். பெரிய பணக்காரர்கள் காரை டிரெய்லரில் ஏற்றி அடுத்த மாநிலத்துக்குப் போவார்கள். இவர் அதே காரில்தான் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். தடத்தில் இவருடைய மெதுவான காருக்கு மூன்றரை வினாடி கொடுக்க ஆள் இருந்தது. அளக்கக் கருவியும் விபத்தென்றால் ஓடிவர ஆம்புலன்சும் இருந்தன. தெருவில் யாரும் முன்னதாகக் கிளம்ப விடமாட்டார்கள். அங்கே கூலரும் நோட்டுப் புத்தகமும் எடுபடாது. குதிரைசக்தி ஒன்றுதான் எடுபடும். எதிரே வருகிற லாரிக்கு அதுவும் தெரியாது.