தலைநகரம் பக்கத்தில் வரலாம், தண்ணீர்?

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி, கம்பம் பஸ்ஸும் நிற்கும், கோவை, ஈரோடு பஸ்ஸும் நிற்கும். அதனாலோ என்னவோ, தனி மாநிலப் பேச்சு அங்கே டீக்கடைகளில் சீக்கிரம் சூடாகிவிடுகிறது. 2021 ஜூலையில் மத்திய அமைச்சர் ஒருவரைப் பற்றிய குறிப்பில் 'கொங்குநாடு' என்ற சொல் வந்ததும் அந்தப் பக்கம் பேச்சு கிளம்பியது. 'அவங்களுக்கு ஒண்ணுன்னா, மதுரையைத் தலைநகரா வெச்சு நமக்கும் ஒண்ணு' என்று சொல்பவர்கள் இங்கேயும் உண்டு.

பரமக்குடி பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடும் ஒருவர், சோழவந்தானில் இருபோக நிலம் வைத்திருக்கும் தன் மாமனாரிடம் இதைத்தான் சொன்னார்.

"எதுக்கெடுத்தாலும் சென்னைக்கு 450 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கு மாமா. எய்ம்ஸுக்கு 2019-ல அடிக்கல் நாட்டினாங்க. எத்தனை வருஷம் இழுத்துச்சு?"

எய்ம்ஸ் மத்திய அரசின் வேலை. தனி மாநிலம் வந்தாலும் அந்தக் கோப்பு டெல்லியில்தான் இருக்கும். ஆனால் தூரம் பற்றிய குறை நியாயமானது. நிலத் தகராறு உயர் நீதிமன்றம் வரை போனால் சென்னைக்கு அலைந்த காலம் உண்டு. 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்து அந்த அலைச்சலைத் தீர்த்தது. அதற்கு மாநிலத்தைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

தெலங்கானாவை உதாரணம் காட்டுபவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். 2014 ஜூன் 2-ல் பிரிந்த பிறகு, அங்கே ஏரிகளைத் தூர்வார 'மிஷன் காகதீயா' வந்தது. 2018-ல் ஏக்கருக்குப் போகத்துக்கு 4,000 ரூபாய் கொடுக்கும் 'ரைத்து பந்து' வந்தது. விவசாயிக்கு இது சின்ன விஷயமில்லை. மறு பாதி கிருஷ்ணா ஆறு. ஒன்றாக இருந்தபோது கிடைத்த 811 டி.எம்.சி.யை ஆந்திராவுக்கு 512, தெலங்கானாவுக்கு 299 என்று தற்காலிகமாகப் பிரித்தார்கள். சண்டை ஓயவில்லை. 2023 நவம்பர் கடைசியில், நாகார்ஜுனசாகர் அணையின் பாதி மதகுகளை ஆந்திர போலீஸ் வந்து கைப்பற்றும் அளவுக்குப் போனது.

கொங்கு தனியாகி, சேலம் மாவட்டமும் அதில் சேர்ந்தால், மேட்டூர் அணை ஒரு மாநிலத்தில், டெல்டா வேறொரு மாநிலத்தில். கர்நாடகத்தோடு படும் பாடு போதாதென்று, மேட்டூரிலும் ஓர் எல்லை.

தென் மாவட்டக் கணக்கு கொஞ்சம் வேறு. வைகையும் தாமிரபரணியும் பிறப்பிலிருந்து கடைமடை வரை இங்கேயேதான். ஆனால் வைகை அணையை நிரப்புவதில் பெரும்பங்கு முல்லைப் பெரியாறு தண்ணீருக்கு. அந்த அணை கேரளத்தில். 1886-ல் 999 வருடக் குத்தகை, 1970-ல் திருத்தம், 142 அடிக்காக 2014 மே 7 தீர்ப்பு வரை உச்ச நீதிமன்ற வழக்கு. இந்த வழக்கை 39 எம்.பி.க்கள் உள்ள மாநிலம் நின்று நடத்தியது. திண்டுக்கல், தேனியிலிருந்து கன்னியாகுமரி வரை எண்ணினால் 10 தொகுதிதான். கேரளத்துக்கு 20.

"ஒரே மாநிலமா இருக்கும்போதே உசிலம்பட்டி 58 கிராமக் கால்வாய்க்கு எத்தனை வருஷம் போராடுனாங்க மாப்ள? தொறந்தா உங்க பக்கமே 'எங்க தண்ணி போச்சு'ன்னு கேக்குறாங்கள்ல?" என்றார் மாமனார்.

மருமகனுக்குச் சுருக்கென்றது. வைகைப் பூர்வீகப் பாசனத்தில் ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 பங்கு. காகிதத்தில் பெரும்பங்கு கடைமடைக்குத்தான். அவர் கண்மாய்க்கு வருவதற்குள் வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேலமும் ஆக்கிரமிப்பும் மறிக்கின்றன.

"அப்போ எங்க வரத்துக் கால்வாயை யாரு பாக்குறது மாமா?"

2000-ல் வந்த விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைக்கலாம். ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களுக்கு அதில் ஓட்டு உண்டு. கால்வாய்ப் பராமரிப்பைக் கேட்டு வாங்கவும் பங்கைக் கண்காணிக்கவும் அதுதான் முதல் வழி. மருமகனின் கண்மாய்க்கு அப்படியொரு சங்கம் இருக்கிறதா, கலைந்துவிட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஊருக்குப் போனதும் விசாரிக்கிறேன் மாமா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனார்.