எங்கள் ஓடை நண்டுக்கு என்ன பெயர்?

நீங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராக இருந்தால், சிறுவயதில் ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டி நண்டு பிடித்திருப்பீர்கள். சளி பிடித்தபோது பாட்டி வைத்துக் கொடுத்த நண்டு ரசத்தின் காரம் இன்னும் நினைவில் இருக்கும். அந்த நண்டுக்கு என்ன பெயர் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஓடை நண்டு என்போம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், சிங்கப்பூருக்குப் போய் வரும்வரை.

கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் 22 பேரை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். விடியற்காலை 4 மணிக்கு லயத்து முன்னால் பஸ் வந்து நின்றது. தாய்மார்கள் கட்டிக் கொடுத்த நாசி லெமாக் பொட்டலங்கள் ஜொகூர் பாலத்தை அடைவதற்குள்ளேயே தீர்ந்துவிட்டன.

முதலில் போன இடம் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் வெள்ளையர் காலம் முதல் சேர்த்து வைத்த உயிரினங்கள் இப்போது இங்கேதான் இருக்கின்றன.

உள்ளே நுழைந்ததும் டைனசோர் எலும்புக்கூடுகள் மூன்று. பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள். அடுத்து ஒரு பெரிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. 2015 ஜூலையில் ஜூரோங் தீவருகே செத்து மிதந்ததாம், நீளம் 10.6 மீட்டர். அதன் வயிற்றில் மனிதர் வீசிய பிளாஸ்டிக் குப்பையும் இருந்தது என்று வழிகாட்டி சொன்னதும், ஒரு சிறுமி கையிலிருந்த மிட்டாய்த் தாளைச் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் மட்டும் நண்டுகள் இருந்த கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவில்லை. "சார், இது நம்ம ஓட நண்டு மாதிரியே இருக்கு!" என்று கத்தினான். வழிகாட்டி சிரித்துக்கொண்டே வந்து ஒரு கதை சொன்னார். புக்கிட் தீமா பக்கத்து ஓடைகளில் ஒரு சிறு நண்டு உண்டு. 1986இல்தான் அது தனி இனம் என்று கண்டு பெயர் வைத்தார்கள். பெயர் ஜொகோரா சிங்கப்பூரென்சிஸ். சிங்கப்பூரின் ஒரு சில ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. அதன் பேரினப் பெயரில் நம் ஜொகூர் இருப்பதைக் கேட்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"நன்னீர் நண்டுகள் ஊர்விட்டு ஊர் போகாதவை. ஒரு மலைக்கு ஓர் இனம் என்றுகூட இருக்கும். உங்கள் தோட்டத்து நண்டு எது, சார்?" என்று அவர் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் நண்டு பிடித்த ஓடை இன்று இல்லை. கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டபோது மேட்டு மண் இறங்கித் தண்ணீர் கலங்கியது. பிறகு ஓடையை நேராக்கி அல்லூராக வெட்டிவிட்டார்கள். நண்டும் போய்விட்டது. அது வேறெங்கும் உள்ள நண்டுதானா, அந்த ஓடைக்கே உரியதா? இனி யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் நூறு நூறாகப் பிடித்தோம். ஒன்றையாவது ஒரு புட்டியில் போட்டு, ஊரும் தேதியும் எழுதி வைக்கவில்லை.

மாலையில் பூமலைக்குப் போனோம். 1859இல் தொடங்கிய பூங்கா அது. நமக்கும் அதற்கும் பழைய உறவு உண்டு. 1877இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் இங்கே வந்தன. இந்தத் தீபகற்பத்தில் கித்தாத் தோட்டங்கள் அந்தத் தொடக்கத்திலிருந்து வளர்ந்தவை. மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சோதித்துக் காட்டிய ரிட்லி, 1888 முதல் பல ஆண்டுகள் இந்தப் பூங்காவை நடத்தினார்.

அங்கே உலர்தாவரக் காப்பகம் ஒன்று இருக்கிறது. செடியின் இலை, பூ, காயை அழுத்திக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, எந்த ஊரில், எந்த நாளில், யார் பறித்தது என்று எழுதி வைப்பார்கள். இப்படி 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் அங்கே உள்ளன. காடு அழிந்தாலும், அங்கே என்ன இருந்தது என்பதற்கு அந்தத் தாள் சாட்சி. நம் நாட்டிலும் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில் இத்தகைய காப்பகம் உண்டு.

முன்பு ஒரு தாளைப் பார்க்கக் கப்பலேறிப் போகவேண்டும். நம் மலைகளில் பறித்த செடிகள் பல, லண்டனில் அல்லவா இருந்தன! இப்போது காப்பகங்கள் தாள்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றிப் பகிர்ந்துகொள்கின்றன. 2001இல் பல நாடுகள் சேர்ந்து உலகப் பொதுப் பதிவேடு ஒன்றைத் தொடங்கின. டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் அதன் அலுவலகம். அதில் 300 கோடிக்கும் அதிகமான பதிவுகள் சேர்ந்துவிட்டன.

அந்தப் பதிவுகளில் பெரும்பகுதி நம்மைப் போன்ற சாதாரண மக்கள் கண்டு சொன்னவை. கைப்பேசியில் ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலி உண்டு. செடியையோ பூச்சியையோ படமெடுத்து, இடத்தையும் நாளையும் சேர்த்து அனுப்பினால், விவரம் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். பலர் ஒரே இனம் என்று ஒத்துக்கொண்டால் அது ஆய்வுத் தரம் பெறும். பிறர் பயன்படுத்த நாம் அனுமதி தந்திருந்தால், உலகப் பதிவேட்டுக்கும் போய்ச் சேரும்.

சில எச்சரிக்கைகளும் சொல்லவேண்டும். படத்துக்காகப் பாம்பின் பக்கத்தில் போகாதீர்கள். செடியைப் பிடுங்காதீர்கள். அரிய ஆர்க்கிட், விலங்கு முதலியவற்றின் சரியான இடத்தை ஊரறியச் சொல்லாதீர்கள். திருடர்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள். ஆபத்தில் உள்ள இனங்களின் இடத்தை அந்தச் செயலியே மறைத்துக் காட்டும். சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோரே கூட இருந்து செய்யவேண்டும்.

ஊர் திரும்பிய வாரம், அந்தப் பையன் என்னைத் தோட்டத்தின் மேல்கோடிக்கு அழைத்துப் போனான். அங்கே கொஞ்சம் காடும், அதிலிருந்து வழியும் தண்ணீரும் மிச்சம் இருக்கின்றன. கல்லைப் புரட்டினான். ஒரு நண்டு! படமெடுத்து அனுப்பினோம். கல்லைப் பழையபடி வைத்தோம்.

சில நாளில் பதில் வந்தது. நன்னீர் நண்டுதான், ஆனால் படத்தை மட்டும் வைத்து இனத்தைச் சொல்ல முடியாது, ஆணைப் பிடித்து வயிற்றுப் பக்கத்தை ஆராயவேண்டுமாம். பையனுக்கு ஏமாற்றம். "பரவாயில்லப்பா, இன்ன நாளில் இங்கே ஒரு நண்டு இருந்தது என்று எழுதியாகிவிட்டது" என்றேன்.

அந்த மேட்டையும் திருத்தப் போவதாகத் தோட்டத்தில் பேச்சு. திருத்துவதற்குமுன் அறிந்தவர்கள் யாராவது வந்து பார்க்கவேண்டும் என்று பள்ளியின் பெயரில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கையில் அந்த ஒரு பதிவாவது இருப்பதால்தான் எழுத முடிகிறது.

வாசகர்களே, வெளிக்காட்டில் வேலை செய்யும் உங்களைவிட அந்த மண்ணை அறிந்தவர் யார்? பாட்டிமார் சொல்லும் பச்சிலைப் பெயர்களைக் கேளுங்கள். கைப்பேசி இல்லாவிட்டால் பிள்ளையின் நோட்டுப்புத்தகம் போதும். என்ன கண்டீர்கள், எங்கே, எந்த நாளில் என்று மூன்று வரி எழுதி வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.